மழை விடுமுறையும் ஒரு மாநிலத்தின் அசலும்

"வாரா வாரம் குழுவுக்குக் கட்டறதுக்கே உங்கம்மா இழுத்துக்கினு கீது. நீ போயி நாட்டுக் கடன பாத்துக்கப் போறியா?"

தேர்வு முடிவு வந்த அன்று எங்கள் தெரு மகளிர் குழுவின் லீடர் பாக்கியம் அக்கா என்னைக் கேட்டது இது. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை வசூலுக்கு வந்தவர், கையில் நோட்டோடு எங்கள் இரும்புலியூர் வீட்டு வாசலில் நின்றிருந்தார். மத்திய வங்கியில் அதிகாரி வேலை, அதுவும் பொதுக்கடன் பிரிவு என்று நான் பெருமையாகச் சொன்னேன். அம்மா அந்த வாரமும் தவணையில் பாதிதான் வைத்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது.

இந்த வேலைக்கான தேர்வுக்குப் படிக்கிற பெண்கள் சிலர் என்னிடம் அடிக்கடி கேட்பது: "உள்ளே என்ன வேலை இருக்கும் அக்கா?" ஒரு நாள் நடந்ததை எழுதினால் போதும் என்று தோன்றியது. அந்த நாளில் நான் செய்த தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1. கவர்னர், தாள், அசல்

நான் வேலைக்குச் சேர்ந்த சமயம், எங்கள் வங்கியின் தலைவரைக் கவர்னர் என்று சொன்னபோது, கிண்டியில் பெரிய பங்களாவில் இருக்கிறவரா என்று அப்பா கேட்டார். அவர் வேறு, இவர் வேறு. இவரை எல்லோருக்கும் ரூபாய் நோட்டில் இருக்கும் கையெழுத்தாகத் தெரியும். வட்டி விகிதத்தை அறிவிப்பவராகவும் சிலருக்குத் தெரியும். அவருடைய இன்னொரு வேலை வெளியே அதிகம் தெரியாது. மத்திய அரசும் மாநில அரசுகளும் வாங்கும் கடனை நடத்திக் கொடுப்பவரும் அவர்தான். அரசு பத்திரம் வெளியிடும். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பி.எஃப். நிதிகளும் அதை வாங்கும். பத்து வருடமோ இருபது வருடமோ கழித்து, சொன்ன தேதியில் அசல் திரும்பப் போக வேண்டும். ஏலம், வட்டி, அசல் எல்லாமே எங்கள் வங்கி வழியாகத்தான்.

எந்தெந்த அரசு என்றைக்கு எந்தக் கடனைத் திருப்ப வேண்டும் என்ற ஒரு தாள் தினமும் காலையில் மும்பையில் கவர்னர் மேசைக்குப் போகும். அந்தத் தாளில் எங்கள் மாநிலத்தைப் பற்றிய ஒரு வரியை எழுதித் தருவது சென்னை அலுவலகத்தின் பொறுப்பு. நான் சேர்ந்த ஒன்றரை வருடத்தில் அந்த வரி என் பொறுப்புக்கு வந்தது. இரும்புலியூரில் எங்கள் தெருவில் முதல்முதலாகக் கல்லூரிக்குப் போன பெண் எழுதும் ஒரு வரி, கவர்னர் படிக்கும் தாளில் இருக்கிறது. காலையில் தாம்பரத்திலிருந்து கோட்டைக்கு ரயிலில் நின்றுகொண்டே போகும்போது இதை நினைத்துக்கொள்வேன். யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வரியில் ஒரு விதி உண்டு. அசல் திரும்ப வேண்டிய நாள் பொது விடுமுறையாக இருந்தால், முந்தைய வேலை நாளிலேயே அசல் போய்விட வேண்டும். வட்டி என்றால் அடுத்த வேலை நாள்வரை காத்திருக்கலாம். அசல் காத்திருக்காது. ஓர் அரசு சொன்ன தேதியை ஒரு நாள் தாண்டினாலும் அதன் பெயர் போய்விடும். பிறகு வாங்கும் ஒவ்வொரு கடனுக்கும் வட்டி கூடும்.

ஆகவே, விடுமுறை அறிவிப்பு வந்தால் அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். அந்தப் பட்டியலை நாங்கள் ஹாலிடே மாஸ்டர் என்போம். ஏற்றுபவர் மேக்கர், சரிபார்த்து ஒப்புதல் தருபவர் செக்கர். நான் மேக்கர். என் மேலதிகாரி சபாபதி சார் செக்கர். உதவிப் பொது மேலாளர், இருபத்தைந்து வருட சர்வீஸ், எப்போதும் முழுக்கைச் சட்டை. நாங்கள் இருவரும் ஏற்றிவிட்டால் மும்பை அதை நம்பிப் பணத்தை நகர்த்தும்.

2. மதியம் பன்னிரண்டே முக்கால்

ஐப்பசி மழை மூன்று நாளாக நிற்கவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை. மறுநாள் புதன்கிழமை மாநில அரசின் ஒரு பெரிய கடன் முதிர்கிறது. தொகையை இங்கே எழுதுவது முறையில்லை. அது எங்கள் மேசைக்குப் பெரிய தொகை என்பது மட்டும் போதும்.

பன்னிரண்டே முக்கால் மணிக்கு உணவுக்கூடத் தொலைக்காட்சியில் கீழே ஓடிய வரியில் நான்கு மாவட்டங்களுக்கு நாளை விடுமுறை என்று வந்தது. வரி முழுதாக ஓடி முடிவதற்குள் விளம்பரம் போட்டுவிட்டார்கள். அடுத்த நிமிடமே என் கைபேசியில் அதே செய்தி நாலைந்து குழுக்களில் வந்தது. முன்பு ஒரு புயலின்போது அரசு உண்மையாகவே பொது விடுமுறை விட்டு, வங்கிகளும் மூடியிருந்தன. அது எனக்கு நினைவிருந்தது. இதுவும் அப்படித்தான் என்று முடிவு செய்துவிட்டேன். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு மேலே ஓடினேன்.

ஹாலிடே மாஸ்டரில் புதன்கிழமையை விடுமுறையாக ஏற்றினேன். சபாபதி சார் திரையைப் பார்த்தார்.

"டி.வி.ல நானும் பார்த்தேன். போடும்மா, நாலரை பேட்ச்ல இன்னைக்கே ரிலீஸ் ஆயிடட்டும். லேட் ஆனா நம்ம தலைதான் உருளும்."

ஒப்புதல் தந்தார். நாலரை மணிக்கு மும்பை மொத்தமாகப் பணம் அனுப்பும் தொகுப்பைத்தான் பேட்ச் என்போம். மும்பைக்கு மின்னஞ்சலும் போனது. வேகமாகச் செயல்பட்டுவிட்டோம் என்ற திருப்தி எனக்கு. இன்னும் மூன்று வாரத்தில் என் தகுதிகாண் பருவம் முடிந்து பணி உறுதியாக வேண்டும். இந்த வேகம் என் கோப்பில் நல்ல வரியாக ஏறும் என்றுகூட நினைத்தேன்.

இரண்டே முக்காலுக்கு அம்மா கூப்பிட்டார். அம்மா ராஜகீழ்ப்பாக்கத்தில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். அதில் ஒரு வீட்டு அம்மா வங்கியில் காசாளர்.

"எஸ்தரு, நாளைக்கு நானு ஆறு மணிக்கே கெளம்பணும். பேங்க் அம்மா சீக்கிரம் வரச் சொல்லிட்டாங்க. ஸ்கூலு லீவு, புள்ளைங்க ரெண்டும் வூட்லதான் கீதாம்."

அவங்களுக்கும் நாளைக்கு லீவுதானே என்று கேட்டேன்.

"அவங்களுக்கு ஏது லீவு? பேங்க்கு தொறந்துதான் கீதாம். லீவு ஸ்கூலு காலேஜுக்குத்தான். நீயும் பேங்க்லதான வேல பாக்கற, இது கூடவா தெரியாது?"

அம்மா சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

மாவட்ட ஆட்சியர் விடும் மழை விடுமுறை வேறு. வங்கிகளுக்கும் சேர்த்து, செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் அரசு விடும் பொது விடுமுறை வேறு. எங்கள் விதி இரண்டாவதை மட்டும்தான் கணக்கில் எடுக்கும். பயிற்சியில் இது முதல் வாரப் பாடம். நான் அதில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஆனாலும் மழைக்கு லீவு என்ற சொல்லைப் பார்த்ததும் என் மூளை பள்ளிக்கூடப் பெண்ணின் மூளையாகிவிட்டது. லீவு என்றால் லீவு.

மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பைத் தேடி எடுத்து முழுதாகப் படித்தேன். பள்ளி, கல்லூரிகளுக்கு மட்டும் என்றுதான் இருந்தது. நாலரை மணிக்கு அரசின் கணக்கிலிருந்து அசல் எடுக்கப்படும். அரசின் நிதித் துறை பணத்தைப் புதன்கிழமை காலைக்குத்தான் ஏற்பாடு செய்து வைத்திருந்தது. செவ்வாய்க்கிழமையே எடுத்தால் கணக்கு இருப்பைத் தாண்டி ஓவர்டிராஃப்டில் விழும். அரசிடம் பணமில்லை என்று செய்தி வரும். அரசு எந்தத் தவறும் செய்திருக்காது. செய்தது நான். பத்திரம் வைத்திருக்கும் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் போன பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது.

3. இல்லாததை எழுதித் தர முடியாது

சபாபதி சாரிடம் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு அறிவிப்பை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, இப்போ நீ வாபஸ் வாங்கிட்டேன்னு வெச்சுக்கோ. சாயங்காலம் கவர்மெண்ட் நிஜமாவே பப்ளிக் ஹாலிடே விட்டுட்டா? அப்போ அசல் லேட். அது டிஃபால்ட். இது வெறும் ஓவர்டிராஃப்ட். எது பெருசு? சொல்லு."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. மாலைக்குள் எதுவும் நடக்கலாம். தலைமைச் செயலகத்தில் விடுமுறை ஆணைகளைப் போடும் பொதுத் துறைப் பிரிவுக்குப் போன் செய்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் செய்தோம். பிறகு லைனே கிடைக்கவில்லை. செயலகம் எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். நேரே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். சபாபதி சார் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐந்து.

சாலையில் முழங்கால் அளவு தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். நுழைவாயிலில் அடையாள அட்டையைக் காட்டி, காரணம் சொல்லி, பெயர் எழுதி உள்ளே போவதற்குள் மூன்று இருபத்தைந்து ஆகிவிட்டது. பொதுத் துறைப் பிரிவு அலுவலர் ஐம்பது வயதுக்காரர். பேன்ட்டை மடித்துவிட்டு, மேசைக்கடியில் செங்கல் மேல் காலை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் நனைந்து நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு, வெள்ள நிவாரணம் கேட்டு வந்தவள் என்று நினைத்து, அடுத்த கட்டடம் என்று கை காட்டினார். விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பப்ளிக் ஹாலிடேன்னா ஜி.ஓ. போடணும்மா. போடலை."

அதை எழுதித் தர முடியுமா என்று கேட்டேன்.

"போட்ட ஜி.ஓ.வுக்கு நகல் தரலாம். போடாத ஜி.ஓ.வுக்கு நான் எதைத் தர்றது? இல்லாததை எப்படிம்மா எழுதித் தர்றது?"

நான் அசையாமல் நின்றதைப் பார்த்துவிட்டு, அரசாணைப் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். கடைசி வரியில் விரலை வைத்தார். அது யாரோ ஒருவரின் பணிமாறுதல் ஆணை. அதற்குக் கீழே தாள் வெறுமையாக இருந்தது.

"இது நான் காட்டுனது. ஆனா ஒண்ணு சொல்றேன். அஞ்சு மணிக்கு மேல் மட்டத்துல மீட்டிங் இருக்கு. அதுல லீவு விடுவாங்களா மாட்டாங்களான்னு அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும்."

என் நோட்டு நனைந்து கூழாகியிருந்தது. கடைசி வரியின் எண்ணையும் நேரத்தையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். செயலகத் தாழ்வாரத்தில் நின்றபடியே சபாபதி சாருக்குப் போன் செய்தேன். விடுமுறையை நீக்கும் பதிவை எனக்குப் பதிலாக அவர் போட முடியாது; மேக்கர் நான்தான். நான் திரும்பி வர வேண்டும். ஓடினேன். வரும் வழியில் ஒரு செருப்பு தண்ணீரோடு போய்விட்டது.

மூன்று ஐம்பத்தைந்துக்கு மேக்கராக நான் நீக்கல் பதிவைப் போட்டேன். சபாபதி சார் ஒப்புதல் பொத்தானில் கையை வைத்தார், அழுத்தவில்லை. பேட்ச் ஏற்கெனவே தயாராகியிருந்தது; அதன்பின் நீக்க வேண்டுமென்றால் மும்பையில் மேல்மட்ட அனுமதி வேண்டும். அங்கே கடன் மேலாண்மைப் பிரிவில் இருந்த மேடத்துக்குப் போன் செய்தார். நடந்ததைச் சொல்லி, "ரிப்போர்ட் பண்ணின ஆஃபீசர் இங்கேதான் இருக்காங்க" என்று ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டார்.

மேடம் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, லைனில் இரு என்றார். பிறகு ஓர் ஆண் குரல். தொலைக்காட்சியில் கேட்ட குரல். கவர்னர் வேறொரு கூட்டத்துக்காக அந்த அறையில் இருந்திருக்கிறார். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்கள்.

அவர் கோபப்படவில்லை. பெயரைக் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று கேட்டார்: "நீங்கள் இப்போது சொன்னதில் கண்ணால் பார்த்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது?"

என் ஆங்கிலம் படித்து வந்தது, பேசி வந்ததல்ல. பயத்தில் இன்னும் திக்கியது. மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பைப் பார்த்தேன், அதில் பள்ளி கல்லூரி மட்டும்தான் இருக்கிறது என்றேன். அரசாணைப் பதிவேட்டின் கடைசி வரியைப் பார்த்தேன் என்று உள்ளங்கையிலிருந்து எண்ணைப் படித்தேன். ஐந்து மணிக் கூட்டம் பற்றி மட்டும் கேட்டதுதான், பார்க்கவில்லை என்றேன்.

"அப்படியானால் மதியம் விடுமுறை என்று தெரிவித்தீர்களே, அதற்கு எதைப் பார்த்தீர்கள்?"

தொலைக்காட்சியில் ஓடிய வரியை, என்றேன். அதையும் முழுதாகப் பார்க்கவில்லை, என்று சேர்த்துச் சொன்னேன். சபாபதி சார் என் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் பெயரை நான் சொல்லவில்லை.

மறுமுனையில் யாரோ ஏதோ மெதுவாகப் பேசினார்கள். பிறகு கவர்னர் சொன்னார். இப்போது பணம் போக வேண்டாம். ஆனால், இன்றைய தேதியைக் கணினியில் மூடவும் வேண்டாம். கூட்டம் முடிந்து பொது விடுமுறை என்று வந்தால், இன்றைய தேதி திறந்திருக்கும்போதே அசலை அனுப்பிவிடலாம். வரவில்லை என்றால் நாளை வழக்கம்போல. மாநில நிதித் துறையிடம் தானே பேசி, தேவைப்பட்டால் பணத்துக்கு ஏற்பாடு செய்து வைக்கச் சொல்வதாகவும் சொன்னார். முன்பே தரக்கூடாது, தாமதமும் ஆகக்கூடாது. நாங்கள் இரண்டில் எது சின்னத் தவறு என்று அடித்துக்கொண்டிருந்தோம். அவர் தவறு செய்யாமல் இருக்க நேரத்தை நீட்டினார்.

கடைசியாக, அந்த அலுவலர் செயலகத்திலேயே போய் உட்காரட்டும் என்றார். அந்த அலுவலர் என்றது என்னை. சபாபதி சார் ஒப்புதல் பொத்தானை அழுத்தினார்.

4. தாழ்வாரத்து பெஞ்ச்

ஒற்றைச் செருப்பை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு திரும்பிப் போனேன். பிரிவு அலுவலர் என்னைப் பார்த்ததும் தாழ்வாரத்து பெஞ்சைக் காட்டினார். டீ வரவழைத்தார். ஐந்து மணிக்குக் கூட்டம் தொடங்கியது. ஐந்தரைக்கு முடியவில்லை. ஆறுக்கும் முடியவில்லை. மும்பையிலிருந்து மேடம் கால் மணிக்கு ஒரு முறை கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே எட்டுப் பேர் வீட்டுக்குப் போகாமல் எனக்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொன்னார். குற்றம் சொல்லும் குரலில் இல்லை.

அம்மா கூப்பிட்டு, தண்டவாளத்தில் தண்ணீர் ஏறியதால் தாம்பரம் ரயில் மெதுவாகப் போகிறதாம், முடிச்சூர் பக்கம் படகு வந்துவிட்டதாம், எப்படி வருவாய் என்று கேட்டார். வந்துவிடுவேன் என்றேன். அந்த நேரத்தில் வீட்டைப் பற்றிய பயம்கூட எனக்குள் நுழைய இடமில்லை. மூடிய அறையில் யாராவது ஒருவர், "எதுக்கு வம்பு, பொது விடுமுறையே விட்டுடலாம்" என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகாது, அதற்குத்தான் ஏற்பாடு இருக்கிறதே என்று அறிவு சொன்னது.

ஆறு நாற்பதுக்குப் பிரிவு அலுவலர் செய்திக் குறிப்பின் நகலைக் கொண்டுவந்தார். முகாம்கள், படகுகள், பால் வினியோகம் என்று நீண்டது. கடைசிக்கு முந்தைய பத்தியில், பள்ளி கல்லூரிகளுக்கு விடுமுறை. அதற்குக் கீழே, இது செலாவணி முறிச் சட்டத்தின்படி பொது விடுமுறை அல்ல.

அந்த வரியை மூன்று முறை படித்தேன். விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக. பிறகுதான் மும்பைக்குப் போன் செய்தேன். பார்த்துவிட்டேன் மேடம், என்றேன்.

புதன்கிழமை காலை, சொன்ன தேதியில், அசல் போய்ச் சேர்ந்தது. எந்தச் செய்தித்தாளிலும் ஒரு வரி வரவில்லை. எங்கள் வேலை சரியாக நடந்தால் அப்படித்தான்.

5. அதற்குப் பிறகு

எனக்கு மெமோ வந்தது. சரிபார்க்காமல் விடுமுறையை ஏற்றியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். சபாபதி சாருக்கும் வந்தது. என் தகுதிகாண் பருவத்தை ஆறு மாதம் நீட்டித்தார்கள். கவர்னரிடம் பேசியவள் ஆயிற்றே, விட்டுவிடுவார்கள் என்று சக ஊழியர்கள் சொல்லியிருந்தார்கள். விடவில்லை. விட்டிருந்தால் எனக்கே அந்த வங்கிமேல் மரியாதை குறைந்திருக்கும் என்று இப்போது சொல்வேன். அன்று கழிவறையில் போய் அழுதேன்.

சபாபதி சார் சில வாரம் என்னிடம் கோப்புகளைப் பற்றி மட்டும் பேசினார். ஒருநாள் மதியம் அவரே வந்து எதிரே உட்கார்ந்தார்.

"நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா கணக்கு ஒரு நாள் மைனஸ்ல போயிருக்கும். மழை, குழப்பம்னு எழுதித் தள்ளியிருக்கலாம். ரெண்டு பேருக்கும் மெமோ வந்திருக்காது. தெரியும்ல?"

தெரியும் சார், என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். மறுநாளிலிருந்து, எந்த விடுமுறையை ஏற்றினாலும், "மூலத்தை எடு, படிச்சுக் காட்டு" என்று என்னை உட்கார வைத்துக் கேட்டுவிட்டுத்தான் ஒப்புதல் தருகிறார். அவசரம் என்றாலும் கேட்கிறார்.

தேர்வுக்குப் படிக்கும் பெண்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். உள்ளே வந்தபின் உங்களை யாரும் முட்டாள் என்று நினைத்துவிடக்கூடாது என்ற பயம் இருக்கும். முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர்களுக்கு அது அதிகமாகவே இருக்கும். அந்தப் பயம்தான் நம்மை வேகமாக ஓட வைக்கிறது. அதே பயம்தான் தவறு செய்தபின் அதை மறைக்கச் சொல்கிறது. எனக்கு அது போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பயத்தோடேயே மூலத்தை எடுத்துப் படிக்கவும், பார்த்ததையும் கேட்டதையும் பிரித்துச் சொல்லவும் பழகியிருக்கிறேன். நாட்டின் கடனை நடத்துகிறவர் அன்று செய்ததும் இதைத்தான். அவர் கையில் இருந்தது பெரிய ரகசியம் எதுவுமில்லை. ஒரு கேள்வியும் கொஞ்சம் நிதானமும்தான்.

நீட்டித்த ஆறு மாதம் போன மாதம் முடிந்து என் பணி உறுதியானது. மும்பையில் கடன் மேலாண்மைப் பிரிவுக்கு ஆட்கள் கேட்டுச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. ஏல நாள்காட்டி போடுவதிலிருந்து முதிர்வுத் தாள் வரை எல்லாம் நடக்கும் இடம் அது. விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது: பணிக்காலத்தில் உங்களிடம் விளக்கம் கோரப்பட்டதுண்டா? ஆம் என்று எழுதினேன். மெமோவையும் என் பதிலையும் நகலெடுத்து இணைத்தேன். சபாபதி சார் ஒவ்வொரு பக்கமாகப் படித்துவிட்டுப் பரிந்துரைக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை காலைத் தபாலில் அது மும்பைக்குப் போய்விட்டது.